எனக்குப் பிடித்த கோல்ஃப் ஆட்டக்காரர்

கிரிக்கெட்டில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் யோசிக்கவே மாட்டோம். விஸ்வநாத் என்பார் ஒருவர். வெங்கட்ராகவன் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பட்டோடியில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். டென்னிஸ் என்றால் ராமநாதன் கிருஷ்ணன். கோல்ஃப் என்றால் மட்டும், "அது பணக்காரங்க விளையாட்டாச்சே சார்" என்று பேச்சு அதோடு நின்றுவிடும்.

எனக்கு அதிலும் ஒருவரைப் பிடிக்கும். காலை நடையில் கூட வரும் நண்பர்களிடம் பெயரைச் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை. ஏன் பிடிக்கும் என்று நடந்துகொண்டே சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் கோல்ஃப் ஆடியதே இல்லை. எண்பதுகளில் மூன்று வருடம் நீலகிரி மலையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் கேடியாக இருந்த ஒரு பெரியவர் எங்களிடம் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். கேடி என்பவர் ஆட்டக்காரரின் கம்புகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பவர். காற்று எந்தப் பக்கம், எந்தக் கம்பால் அடிக்கலாம் என்று யோசனை சொல்வதும் அவர் வேலைதான். நான் அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அவர் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

ஆட்டம் ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் இத்தனை ஷாட்டில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். மொத்தத்தில் யார் குறைந்த ஷாட்டில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. பெரிய போட்டிகளில் 4 நாள் ஆடி, 72 குழிகளின் கூட்டலைப் பார்ப்பார்கள். எதிராளி உங்கள் பந்தைத் தொடவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். அம்பயர் மேல் பழிபோடவும் வழியில்லை. வந்த வினை எல்லாம் தன் கையால் வந்ததுதான்.

அந்தப் பெரியவர் ஒருநாள் கவுன்டரில் சாய்ந்து நின்றபடி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "சார், ஆளைத் தெரிஞ்சுக்கணும்னா நல்லா அடிக்கும்போது பாக்காதீங்க. பந்து புதருக்குள்ள போனதும் பாருங்க. சில பேர் கம்பைத் திட்டுவாங்க. சில பேர் என்னைத் திட்டுவாங்க. ஒண்ணு ரெண்டு பேர்தான் வாயைத் திறக்காம புதரைப் பாக்க நடப்பாங்க." அன்றிலிருந்து கோல்ஃப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தப் புதர் நேரத்துக்காகவே காத்திருப்பேன்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? கணக்கு வைத்துச் சொல்வதென்றால் சுலபம். மேஜர் என்று வருடத்துக்கு 4 பெரிய போட்டிகள் நடக்கின்றன. மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ., யு.எஸ். ஓப்பன் மூன்றும் அமெரிக்காவில். நான்காவது, பிரிட்டிஷ் ஓப்பன். ஜாக் நிக்லஸ் 18 மேஜர் வென்றவர், டைகர் உட்ஸ் 15. இருவரையும் பெரியவர்கள் என்று கைகூப்பி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர் என்று ஒப்புக்கொள்வது வேறு, பிடிப்பது வேறு. வீட்டிலேயே நமக்கு அது தெரியும். குடும்பத்தில் பெரிய பதவியில் இருந்த பெரியப்பாவைவிட, சைக்கிளில் வந்து போகும் மாமாவை அல்லவா பிடிக்கும்?

மனசை உருக்கும் கதைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் கேடியாக இருந்து ஆட்டம் பழகியவர் பாப்வா சேவ்கோலம், இந்திய வம்சாவளியினர். எல்லோரும் கம்பைப் பிடிப்பதற்கு நேர்மாறாக வலக்கை மேலே, இடக்கை கீழே வைத்துப் பிடிப்பார். 1963-ல் நேட்டால் ஓப்பனை வென்றார். நிறவெறிக் காலம். கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நிற்கவைத்துத்தான் கோப்பையைக் கொடுத்தார்கள். நம் நாட்டிலேயே எஸ்.எஸ்.பி. சௌராசியா இருக்கிறார். கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரித்தவரின் மகன். 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். இவர்களைப் பற்றிப் படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பிடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல, அவருடைய ஒரு நாள் நம்முடைய ஒரு நாளோடு எங்கேயோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அப்படி அமைந்தவர் டாம் வாட்சன்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்காரர். பிறந்தது 1949 செப்டம்பர் 4. நானும் அதே வருடம், அதே மாதம். மொத்தம் 8 மேஜர் வென்றவர். அதில் 5 பிரிட்டிஷ் ஓப்பன்: 1975, 1977, 1980, 1982, 1983.

இவற்றில் 1977-ஐ மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கடற்கரையில் டர்ன்பெரி என்ற மைதானம். வாட்சனும் நிக்லஸும் முதல் மூன்று நாளும் ஒரே கணக்கு: 68, 70, 65. கடைசி நாள் நிக்லஸ் 66, வாட்சன் 65. ஒரே ஒரு ஷாட் வித்தியாசம். மூன்றாவதாக வந்தவர் வாட்சனைவிட 11 ஷாட் பின்னால் இருந்தார் என்றால் இவர்கள் இருவரும் எந்த உயரத்தில் ஆடினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் தோற்ற நிக்லஸ், வாட்சனின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் புகைப்படத்தை இன்றைக்கும் நான் எடுத்துப் பார்ப்பதுண்டு.

ஜெயித்த கதை இதோடு போதும். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணங்கள் வேறு.

கான்சாஸ் சிட்டியில் அவர் உறுப்பினராக இருந்த மன்றத்தில், 1990-ல், ஹென்றி பிளாக் என்ற தொழிலதிபர் சேர விண்ணப்பித்தார். ஊருக்கு எவ்வளவோ நன்மை செய்தவர், ஆனால் யூதர். மன்றம் மறுத்துவிட்டது. வாட்சனின் அன்றைய மனைவி யூதர். வீட்டுக்கு ஒரு நியாயம், மன்றத்துக்கு ஒரு நியாயம் என்று இருக்க அவரால் முடியவில்லை. ராஜினாமா செய்துவிட்டார். சொந்த ஊர், பழகிய மனிதர்கள், சிறு வயதிலிருந்து தெரிந்த இடம். அதை விட்டு வெளியே வருவது எத்தனை கஷ்டம் என்பது ஒரே தெருவில் நாற்பது வருடம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பின்னாளில் மன்றம் மனம் மாறி பிளாக்கைச் சேர்த்துக்கொண்டது. வாட்சனும் திரும்பிப் போனார்.

இன்னொன்று அவருடைய கேடி. பெயர் புரூஸ் எட்வர்ட்ஸ். 1973-ல் ஓர் இளைஞனாக வந்து வாட்சனின் பையைத் தூக்கியவர். இடையில் சில வருடம் வேறொருவரிடம் போனாலும் திரும்பி வந்துவிட்டார். 2003-ல் அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும், மருந்தில் தீராது. அந்த ஜூனில் யு.எஸ். ஓப்பன் நடந்தது. பேச்சு குழற ஆரம்பித்திருந்த கேடியோடு 53 வயது வாட்சன் முதல் நாளே 65 அடித்து முன்னணியில் நின்றார். கூட்டம் புரூஸின் பெயரைச் சொல்லிக் கத்தியது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அடுத்த வருடம், 2004 ஏப்ரல் 8, மாஸ்டர்ஸ் தொடங்கிய அன்று காலையில் புரூஸ் இறந்துபோனார். அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்காக வாட்சன் நிதி திரட்டினார், தன் பரிசுப் பணத்தையும் கொடுத்தார்.

கேடியைத் திட்டுகிறவர்களைப் பற்றி அந்த நீலகிரிப் பெரியவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த 2009-க்கு வருகிறேன்.

கோல்ஃபில் 50 வயது தாண்டியவர்களுக்கென்றே தனிப் போட்டிகள் உண்டு. வங்கியில் மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுன்டர் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்சன் அந்த வரிசையிலும் நிறைய ஜெயித்தார். பிரிட்டிஷ் ஓப்பனில் மட்டும், முன்னாள் சாம்பியன் என்ற உரிமையில் அவர் பொது வரிசையிலேயே வந்து நிற்பார். 60 வயதோடு அந்த உரிமையும் முடிந்துவிடும் என்பது அன்றைய விதி. அந்த ஜூலையில் அவருக்கு 59 வயது பத்து மாதம். ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இடம் அதே டர்ன்பெரி. முதல் இரண்டு நாள் அவரோடு சேர்ந்து ஆடியவர்களில் ஒருவன் 16 வயதுப் பையன், இத்தாலியின் மத்தேயோ மனசேரோ. பேரன் வயது.

முதல் நாள் 65. சரி, பழைய ஞாபகத்தில் ஒருநாள் அடித்துவிட்டார் என்றார்கள். இரண்டாம் நாள் 70. டைகர் உட்ஸ் தகுதி பெறாமல் ஊருக்குப் போய்விட்டார், வாட்சன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு நின்றார். மூன்றாம் நாள் 71. இப்போது தனியாக முதலிடம். ஒரு ஷாட் முன்னணி.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 19. நம் ஊரில் இரவு. வீட்டில் எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மனைவி, "யாரு அந்தத் தாத்தா?" என்றாள். "தாத்தா இல்லடி. என் வயசுதான்" என்றேன். திரையையும் என்னையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

71 குழிகள் முடிந்தபோது வாட்சன் ஒரு ஷாட் முன்னால். கடைசிக் குழியில் 4 ஷாட்டில் முடித்தால் போதும், கோப்பை அவருடையது. ஆறாவது பிரிட்டிஷ் ஓப்பன். அதுவரை ஹாரி வார்டன் ஒருவர்தான் 6 முறை வென்றவர். மேஜர் வென்றவர்களிலேயே அதிக வயதானவர் அன்றைக்கு 48. அதையும் 11 வருடம் தாண்டியிருப்பார்.

முதல் ஷாட் நேராகப் புல்வெளி நடுவில் விழுந்தது. இரண்டாவது 8-ஆம் எண் கம்பால். அதைத் தான் நினைத்தபடியே அடித்ததாகப் பிறகு சொன்னார். பந்தும் குழி இருக்கும் பச்சைத் தரையில்தான் விழுந்தது. ஆனால் நிற்கவில்லை. உருண்டு உருண்டு பின்பக்க விளிம்பைத் தாண்டிப் போய் நின்றது. அங்கிருந்து பட்டர் என்ற தட்டைக் கம்பால் உருட்டினார். பந்து குழியைத் தாண்டி ஏறக்குறைய எட்டடி தூரம் போய்விட்டது. திரும்ப அந்த எட்டடியை உருட்ட வேண்டும். உள்ளே போனால் சரித்திரம். போகவில்லை.

பக்கத்தில் என் மனைவி "அய்யோ" என்றது கேட்டது. அவளுக்குக் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாது.

அடுத்து 36 வயது ஸ்டூவர்ட் சிங்க்கோடு 4 குழி பிளே-ஆஃப். வாட்சனின் கால்கள் ஓய்ந்துவிட்டன. 6 ஷாட் வித்தியாசத்தில் தோற்றார். கை கொடுத்தார். சிரித்தார். பத்திரிகையாளர்கள் அறைக்கு வந்தபோது அங்கே எல்லோரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார்கள். இது ஒன்றும் சாவு இல்லையே என்ற பொருளில் ஏதோ சொல்லி அவர்தான் அவர்களைச் சிரிக்க வைத்தார்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல தோல்வியாளர் என்ற வழக்கமான கதைதான். ஆனால் அதே அறையில் அவர் இன்னொன்றும் சொன்னார். வயிற்றைப் பிசைகிறது, முன்பெல்லாம் தோற்றபோது எப்படி வலித்ததோ அப்படியே வலிக்கிறது என்றார். "இந்த வயசில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை. ஜெயிக்க வந்தேன், ஜெயிக்கவில்லை, வலிக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இடம்தான் எனக்கு. ஏனென்றால் அன்றைக்கு நான் பணி ஓய்வு பெற 73 நாள் பாக்கி.

ஓய்வு நெருங்கும்போது ஆபீஸில் ஒரு விநோதம் நடக்கும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். யாரும் அவமரியாதை செய்வதில்லை. மரியாதை கூடித்தான் போகும். காபி தானாக வரும். நாற்காலியைத் துடைத்து வைப்பார்கள். ஆனால் மேஜைக்கு வரும் ஃபைல்கள் மட்டும் குறைந்துகொண்டே போகும். "சார், நீங்க எதுக்கு சிரமப்படறீங்க, நாங்க பாத்துக்கறோம்." அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பில் ஆள் மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருப்பான்.

மறுநாள் திங்கட்கிழமை, ஒரு சிறிய அரிசி ஆலையின் கடன் மனு கிளையில் கிடந்தது. சிக்கலான கணக்கு, இரண்டு வருட நஷ்டம், ஆனால் நேர்மையான மனிதர். யாரும் தொடத் தயங்கிய ஃபைல். அதை என் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னேன். "இப்ப எதுக்கு சார்?" என்றார் உதவி மேலாளர். "கொண்டாங்க" என்றேன். ஆலைக்கு இரண்டு முறை நேரில் போனேன். தவிடு மூட்டை வரைக்கும் எண்ணினேன். ஏழு பக்கத்துக்குப் பரிந்துரை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 24-ம் தேதி பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது உண்மையிலேயே வலித்தது. உதவி மேலாளர், "விடுங்க சார், இன்னும் ஆறு நாள்தானே" என்று தேற்றினார். ஆறு நாள் இருக்கும்போது ஒரு மனு நிராகரிக்கப்பட்டதற்கு வருத்தப்படுகிற ஆளாக நான் இருந்தேன் என்பதே எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. தோற்க முடிகிற ஒரு வேலையைக் கடைசி வாரம் வரை கையில் வைத்திருந்தேன். மாலை, சால்வை, பாராட்டுரை எல்லாம் வழக்கம்போல 30-ம் தேதி நடந்தது. அவற்றைவிட அந்த ஏழு பக்கம்தான் எனக்கு வழியனுப்பு விழா. என் இடத்துக்கு வந்தவர் அந்தக் குறிப்புகளையே வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வாட்சன் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. டர்ன்பெரிக்குப் பின், முதல் பத்து இடத்துக்குள் வரும் முன்னாள் சாம்பியன்களுக்கு மேலும் 5 வருடம் என்று விதியையே தளர்த்தினார்கள். 2011 ஓப்பனில், 61 வயதில், ஒரு குழியில் ஒரே ஷாட்டில் பந்தை உள்ளே போட்டார். 2014-ல் ரைடர் கோப்பை என்ற அமெரிக்க-ஐரோப்பிய அணிப் போட்டிக்கு 65 வயதில் அமெரிக்கத் தலைவராகப் போய் நன்றாகத் தோற்றார். சொந்த அணியின் ஃபில் மிக்கல்சனே பத்திரிகையாளர்கள் முன்னால் அவருடைய வழிமுறையைக் குறை சொன்னார். பழைய காலத்துக் கண்டிப்பு இளைஞர்களிடம் எடுபடவில்லை என்பது உண்மைதான். நம் வீடுகளிலும் நடப்பதுதானே! சில நாள் கழித்துப் பொறுப்பு தன்னுடையது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். எனக்குப் பிடித்தவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. புதரை நோக்கி அவர் தானே நடந்து போகிறார் என்பது போதும்.

2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் தன் கடைசி ஓப்பனை ஆடினார். தாமதமாகி இருட்டத் தொடங்கிவிட்டது. அங்குள்ள சின்னக் கல்பாலத்தின் மேல் நின்று கையசைத்துவிட்டுப் போனார். 2022 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் தொடக்கத்தில் நிக்லஸ், கேரி பிளேயர் இவர்களோடு சேர்ந்து கௌரவமாக முதல் பந்தை அடிக்கிறார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். நானும் பார்க்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பந்துக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. என்னைக் கேட்டால், டர்ன்பெரியில் உள்ளே போகாத அந்த எட்டடிப் பந்தைத்தான் இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொல்வேன்.

உங்களுக்கும் ஏதோ ஓர் ஆட்டத்தில் பிடித்தவர் ஒருவர் இருப்பார். யார் என்று சொல்லுங்கள். அவர் தோற்ற ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.